உரிந்த முகத்துக்கு ஒரு தீச்சட்டி

1

இந்தக் கதை நீக்கப்பட்ட ஒரு வரியிலிருந்து வந்தது. நீக்கியவன் நான்.

ஞாயிறு இணைப்பிதழ் ஒன்றில் கெமிக்கல் பீல் பற்றி எழுதினேன். அமிலக் கரைசலைத் தடவித் தோலின் மேலடுக்கை உரியவைக்கும் சிகிச்சை அது. சில நாள் உரியும், அடியிலிருந்து புதுத் தோல் வரும். 'தோல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள். கருத்த தோலில் கவனம் தவறினால் முன்பைவிடக் கருத்த திட்டுகள் விழலாம்' என்றும் ஒரு வரி இருந்தது. இடம் போதவில்லை. படத்தைச் சிறிதாக்கியிருக்கலாம். வரியை எடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து, அருப்புக்கோட்டையில் ஒரு பியூட்டி பார்லர் கதவில் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. போயிருந்தால் இது செய்தி. போகாததால் கதை.

2

முதல் வரைவு: நாகஜோதி கருப்பாக இருந்தாலும் களையான—

(அந்த 'இருந்தாலும்' யார் போட்டது? பேனா தானாகப் போட்டது என்று சொல்ல ஆசைதான்.)

இரண்டாவது: நாகஜோதி கருப்பு. எம்.ரெட்டியபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். ஐந்து வருடமாக மாடியில், நைட்டிப் பிரிவில். கீழே பட்டுப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டபோது கேட்டாள்.

சூப்பர்வைசர் ஜெகதீஸ்வரன் கெட்டவர் அல்ல. "பட்டைத் தோள்ல போட்டுக் காட்டணும்லம்மா. உனக்கு மாடிதான் செட்டாகும்" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவளைக் கூசவைத்தது அவர் சிரிப்பல்ல, தன் சிரிப்பு.

லீவு நாளில், கதவில் என் கட்டுரை ஒட்டியிருந்த அந்த பார்லருக்குப் போனாள். நடத்துகிற ராஜேஸ்வரி பிரஷ்ஷால் தடவிக்கொண்டே, "சுருக்குன்னு இருக்கும், பொறுத்துக்க. ஒரு வாரம் வெயில்ல மட்டும் போயிராத" என்றாள்.

(குறிப்பு: எம்.ரெட்டியபட்டியில் பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது சீமைக்கருவேல நிழல். வெயிலிலிருந்து அதைச் சலித்துத்தான் எடுக்க வேண்டும்.)

3

மூன்றாம் நாள் காலை வாயோரம் வெடித்து, கன்னம் சருகாக உரிந்தது. பருத்தி எடுக்கக் கிளம்பிய அம்மா பிச்சையம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏத்தா, என்னத்தா இது மூஞ்சியில?"

நாகஜோதி சொல்ல வாயெடுத்தாள். நீ பெற்ற முகம் போதவில்லை, உரித்துக்கொண்டு வந்தேன் என்று, அதே நிறத்தில் எதிரே நிற்பவளிடம் எப்படிச் சொல்வது?

அதற்குள் பிச்சையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துருக்கா!"

அம்மை என்று நினைத்துவிட்டாள். நாகஜோதி மறுக்கவில்லை.

மதியத்துக்குள் வாசலில் வேப்பிலை தொங்கியது. வீட்டில் தாளிப்பு நின்றது. எதிர்வீட்டுக் குருவம்மாள் தெருவில் நின்றே கேட்டாள்.

"சித்திரையில வாரவ, மாசியிலயே வந்துட்டாளா?"

"பஸ்ஸு சீக்கிரம் கெடச்சிருக்கும்" என்றாள் கூட நின்ற ஒருத்தி.

"ஏ, சும்மா இரு. ஆத்தா காதுல விழுந்துரப் போகுது."

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அம்மாவே பூசினாள். புதுத் தோலில் தீயாக எரிந்தது. நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

('உரியும் தோலில் எதையும் பூசாதீர்கள்' என்று கட்டுரையில் இருந்தது. வேப்பிலை எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் பிறந்ததும் பக்கத்துக் காரியாபட்டியில்தான்.)

4

எரிச்சலைப் பொறுக்க முடிந்தது. நேற்றுவரை "கழுத" என்று கூப்பிட்ட அம்மா காலைத் தொட்டு "தாயே" என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. மாடியிலேயே நிறுத்தப்பட்ட முகத்தை ஒருத்தி கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தாயே, எம்பிள்ள மூஞ்சியில வடு வைக்காம எறங்கிரு. பங்குனிப் பொங்கலுக்கு ஒங்கோயிலுக்கு ரெண்டு கையிலயும் தீச்சட்டி எடுக்குறேன்."

பிச்சையம்மாளுக்குப் பத்து வருடச் சர்க்கரை. உள்ளங்கையில் சூடு தெரியாது. போன மாதம் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கிவைத்தாள். கொப்புளத்தை முதலில் பார்த்தது நாகஜோதிதான். நெருப்புச் சட்டியை ஏந்திக் கோயில்வரை நடந்தால் கை என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். நேர்ந்ததை அம்மா மாற்றமாட்டாள் என்பதும் தெரியும்.

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். அம்மா சிரித்துக் கட்டிக்கொள்கிறாள். எழுதிப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாக இருந்தது. அழித்தேன்.

முடிவு ஆ: சட்டியை மகள் வாங்கித் தன் கையில்— வேண்டாம். முகம் போதாதென்று கையையும் எரிக்க எனக்கு உரிமையில்லை.

முடிவு இ, நாகஜோதிக்கே தோன்றியது. ஆத்தா தனக்குள் இருப்பதாகத்தானே அம்மா நம்புகிறாள்? 'தீச்சட்டி வேணாம், கூழு ஊத்து, போதும்' என்று ஆத்தாவே சொல்லிவிட்டால்? கை பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு பங்குனியும் அம்மா கூழ் ஊற்றுவாள். மகள் வாயால் ஆத்தா பேசிய கதையை ஊருக்குச் சொல்வாள். நாகஜோதி பக்கத்தில் நின்று சொம்பு ஏந்த வேண்டும், ஆயுசுக்கும்.

6

மகளின் உதடு அசைந்ததைப் பிச்சையம்மாள் பார்த்துவிட்டாள். கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"சொல்லு தாயே."

நாகஜோதி வாயைத் திறக்கிறாள். முதல் சொல் 'அம்மா' என்று வந்தால் பேசுவது மகள். 'மகளே' என்று வந்தால் ஆத்தா. இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன், எதையும் அவள் வாயில் வைக்க எனக்கு முகமில்லை. நீங்கள் அவள் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். அம்மாவின் கையைப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்:

"........................"