மதியம் இரண்டு மணி ஊசி

பஞ்சைத் தேநீரில் நனைத்து பாண்டுரங்கன் அவள் உதட்டில் வைத்தார். கிருஷ்ணவேணி நாக்கு நுனியை நீட்டி அதைத் தொட்டாள். உள்ளே இறங்காது என்று இருவருக்கும் தெரியும். தொண்டையில் வளர்ந்த கட்டி ஒரு மாதமாக எச்சிலைக்கூட ஒழுங்காக இறங்க விடவில்லை. இது ருசிக்கு மட்டும்தான்.

"சக்கர?" என்றாள். குரல் போய் மூச்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

"போட்டிருக்கேன்."

"கம்மி."

"கட்டிலாண்ட டீக்கட வச்சிக் குடுத்தாலும் கொற சொல்லுவ நீ" என்று முனகிக்கொண்டே சமையலறைக்குப் போனார். டப்பா மூடி இறுகியிருந்தது. அரைக் கரண்டி போட்டுக் கலக்கி எடுத்துக்கொண்டு வந்தார். பஞ்சு அவள் கன்னத்தில் சரிந்து ஒட்டியிருந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சமீரா சொல்லிக்கொடுத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார். ஒரு நிமிடம் முழுக்க. பிறகு இன்னொரு நிமிடம். எண்ணிக்கை ஒன்றுக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால். பத்து மணி வலி ஊசிக்கு இன்னும் நேரம் இருந்தது.

விழுப்புரத்திலிருந்து மகள் கலைப்பிரியா வந்து சேர்வதற்குள் வீடு நிறைந்துவிட்டது. கிருஷ்ணவேணியின் தம்பி புகழேந்தி மயிலத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவன், அக்காவின் காலடியில் அழுது ஓய்ந்து, கூடத்துச் சுவரோரம் நின்றான். சுவரில் போக்குவரத்துக் கழகம் கொடுத்த சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது: விபத்தில்லாமல் பேருந்து ஓட்டியதற்காக. அதே ஆணியில், நூலில் கோத்துத் தொங்கியது ஊசிச் சீட்டு. கோடு போட்டு சமீரா கொடுத்த தாள். கிழமை, நேரம், போட்டது, மூச்சு. எல்லாக் கட்டத்திலும் பாண்டுரங்கனின் உருண்டைக் கையெழுத்து.

"இத்தப் பாருங்கய்யா" என்றான் புகழேந்தி, வந்திருந்தவர்களிடம். "முப்பத்தொரு வருசம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வண்டி ஓட்டுனாரு எங்க மாமா. ஒரு நாய் அடிபட்டதில்ல. அதே மாதிரிதான் அக்காவுக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, நிமிசம் தப்பல."

"எங்க வூட்டுக்காரருகிட்ட தலவலி மாத்திர கேட்டாலே ரெண்டு நாளு ஆவும்" என்றாள் எதிர்வீட்டு கோவிந்தம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "குடுத்து வச்சவ வேணி."

கலைப்பிரியா சீட்டைக் கையில் எடுத்து மேலிருந்து கீழே படித்தாள். "ஒரு நேரம்கூட வுடலியேப்பா நீ" என்று தோளில் சாய்ந்து அழுதாள். பாண்டுரங்கனின் கை அவள் முதுகைத் தட்டியது. கண் மட்டும் சீட்டின் நடுவில், வியாழக்கிழமை வரியில் நின்றது.

அந்த வியாழன் காலை கிருஷ்ணவேணியைத் தூக்கிப் படுக்கை மாற்றும்போது அவர் இடுப்பில் ஏதோ நறுக்கென்றது. வண்டி ஓட்டிய காலத்திலேயே தேய்ந்துபோன இடுப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவரால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மாத்திரை விழுங்கிப் பார்த்தார். தைலம் தேய்த்தார். மறுபடி இரண்டு மணிக்கு அவளைப் புரட்டவேண்டும். எப்படி என்று நினைத்தபோது கண் ஊசி மருந்து பூட்டியிருந்த பீரோ பக்கம் போனது.

முதல் நாளே சமீரா சொல்லியிருந்தாள். "ஐயா, இது அம்மாவுக்குன்னு அளந்து குடுத்த மருந்து. அவங்க ஒடம்பு கொஞ்சம் கொஞ்சமா பழகியிருக்கு. நீங்களோ நானோ போட்டுக்கினா தூங்கிடுவோம். சில சமயம் மூச்சே நின்னுடும். பூட்டி வையுங்க. ஒடச்ச குப்பி ஒவ்வொண்ணும் எனக்குத் திரும்பி வரணும்."

"நான் கெவர்மெண்டு டிரைவரும்மா" என்று அப்போது சிரித்தார். "டூட்டியில தூங்குனதா சரித்திரமே கெடயாது."

பன்னிரண்டரை மணிக்குப் பீரோவைத் திறந்தார். ஒரு குப்பியை உடைத்துப் பாதிதான் போட்டுக்கொண்டார். மீதியைத் தொட்டியில் விட்டுத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்சம் வலி குறைந்தால் போதும், அவளைத் தூக்கத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. குமட்டியது. சுவரில் சாய்ந்தார். அதற்குமேல் நினைவில்லை.

கண் விழித்தபோது வெயில் கூடத்தின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. தெருவில் பூக்காரியின் குரல். மணி ஐந்து நாற்பது.

கட்டிலுக்கு ஓடினார். கிருஷ்ணவேணி துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கீழுதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. தலையணை ஈரம். அவளால் சத்தமாகக் கூப்பிட முடியாது என்பதால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முக்காலியும், அதன்மேல் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வைத்திருந்தார்கள். தட்டினால் தெருமுனைவரை கேட்கும். தட்டு அப்படியே இருந்தது. கரண்டியைக் காணோம்.

ஆறு மணி ஊசியை அப்போதே போட்டார். அவள் கைகால்கள் தளர்ந்து, நெற்றிச் சுருக்கம் பிரிந்த பிறகு தலையணையைச் சரிசெய்தார். அடியில் கரண்டி இருந்தது, சுவரோரமாக உள்ளே தள்ளி வைத்தபடி. அது தானாகப் போகிற இடமில்லை. கூடத்துச் சுவரோரம் அவர் கிடந்த இடம் கட்டிலிலிருந்து நேராகத் தெரிந்தது.

அவர் அதைத் துடைத்துத் தட்டில் வைத்தார். பிறகு சீட்டை எடுத்தார். இரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது. பன்னிரண்டரைக்குத் தனக்காக உடைத்த காலிக் குப்பி கையில் இருந்தது. கட்டத்தில் 'மதியம் 2.00, போட்டது' என்று எழுதினார். மூச்சுக் கட்டத்துக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. 14 என்று போட்டார். நிமிர்ந்தபோது அவள் கண் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வந்த சமீரா உள்ளே நுழைந்ததுமே கேட்டாள். "உதடு இன்னாம்மா இப்டி கடிபட்டிருக்கு? நேத்து ரொம்ப வலியா?"

அவள் சீட்டை எடுத்து விரலால் வரி பிடித்துக்கொண்டே வந்தாள். பாண்டுரங்கன் வாயைத் திறந்தார். "அது வந்து, நேத்து மதியம் நான்..."

"போட்டாரு" என்றாள் கிருஷ்ணவேணி. அவ்வளவு சத்தம் அவளிடமிருந்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "ரெண்டு மணிக்கு. கேக்கல."

சமீரா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை ஆடியது.

அவள் வாசலுக்குப் போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். "நேரத்துக்குப் போட்டும் கேக்கலன்னா அளவு பத்தலன்னு அர்த்தம். இன்னிக்கு மதியத்துலேர்ந்து கொஞ்சம் கூட்டிப் போடுங்க ஐயா. போடறதுக்கு முன்னால மூச்சு எண்ணுங்க. பத்துக்குக் கீழ போச்சின்னா போடாதீங்க, ஒடனே எனக்கு போன் பண்ணுங்க."

அவள் போன பிறகு பாண்டுரங்கன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "வேணி, நீ எதுக்கு..."

"ஃபேன கம்மி பண்ணுங்க" என்றாள். "குளுருது."

எழுந்துபோய்க் குறைத்தார். வந்து உட்கார்ந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். கூட்டிய அளவைத்தான் அதன்பின் போட்டார், ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிட்டு. பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று. அவள் பெரும்பாலும் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலைதான் தெளிந்து டீ கேட்டாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சமீரா வந்தாள். மிச்சமிருந்த குப்பிகளையும், காலிக் குப்பிகள் போட்ட தடித்த பிளாஸ்டிக் டப்பாவையும் தரையில் கொட்டாமல் எண்ணினாள். சரியாக இருந்தது. சீட்டை இறந்த அன்றே வந்து போனில் படம் பிடித்துப் போயிருந்தாள்.

"சிஸ்டர்" என்றார் பாண்டுரங்கன். "அளவு கூட்டாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு நாளு..."

"ஊசி கொல்லல ஐயா. நீங்க எண்ணி எண்ணித்தான போட்டிருக்கீங்க? நோவு முத்திடுச்சி. வலி இல்லாம போனாங்களே, அத்த நெனச்சிக்கோங்க."

"அந்த வியாழக்கெழம..."

சமீரா பையை மறுபடி கீழே வைத்தாள். அவசரப்படாமல் நின்றாள். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் கிளியனூர் கிளியனூர் என்று கத்திக்கொண்டிருந்தான். சொன்னால் வேணி கடைசியாகச் சத்தம் போட்டுச் சொன்ன வார்த்தை பொய்யென்று ஆகிவிடும் என்று நினைத்தார். அது ஒரு சாக்கு என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"வியாழக்கெழம வெயிலு ரொம்ப அதிகம்" என்றார்.

"ஆமா ஐயா" என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள். "இடுப்புக்கு டாக்டரைப் பாருங்க. ஒரு பக்கமா சாஞ்சி நடக்கறீங்க."

அவள் போனதும் பேனாவைத் தேடினார். அந்த ஒரு வரியை அடித்துவிட வேண்டும். யாருக்கும் சொல்லாவிட்டாலும் தாளாவது உண்மையைச் சொல்லட்டும். ஆணியில் சான்றிதழ் மட்டும் தொங்கியது. கலைப்பிரியா அன்று காலையே விழுப்புரம் போயிருந்தாள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தவள் துணிப்பையிலிருந்து ஊசிச் சீட்டை எடுத்தாள். "ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் போட்டேம்பா. நூலு அறுந்து கிழிஞ்சிடப் போவுது. எம் பசங்க பாக்கணும்." அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் புது ஆணி அடித்து மாட்டினாள். புகழேந்தி தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் கோணல் என்று நிமிர்த்தி வைத்தான்.

எல்லாரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாண்டுரங்கன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். வியாழக்கிழமை வரியின்மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். மை பிளாஸ்டிக்கில் பிடிக்காமல் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒதுங்கியது.

"அப்பா, சாப்ட வா. எலை காயுது."

"வர்றேம்மா."

கட்டைவிரலால் துடைத்தார். மை விரலுக்கு வந்துவிட்டது. அடியில், அவருடைய உருண்டை எழுத்தில், வியாழன், மதியம் 2.00, போட்டது, மூச்சு 14.