பக்கத்து மெஷின்காரன்

சாத்துக்குடிச் சுளையை நீட்டிய அந்தக் கையைத்தான் லோயிஸ் முதலில் சந்தேகப்பட்டாள்.

டயாலிசிஸ் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவள் இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போனது, மற்றொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வந்தது. அந்தக் கையை அசைக்கக்கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவனும் அவளைப் போலவே மெஷினோடு கட்டுண்டு கிடந்தான். ஊசி இல்லாத கையை நீட்டி, "எடுத்துக்கோங்க, நல்ல தித்திப்பு" என்றான்.

வீட்டில் பழம் என்ற பேச்சே கிடையாது. கிட்னி நின்றுபோனவர்களுக்குப் பழத்தில் இருக்கும் பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திவிடும் என்று டாக்டர் சொன்ன நாளோடு அம்மா ஜெயசுந்தரி பழக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். இவன் என்னடாவென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே உரித்து நீட்டுகிறான்.

"நக்கோ, வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மெஷின்ல ஏறின முதல் மணி நேரத்துல ரெண்டு சுளை சாப்பிடலாம். அந்தப் பொட்டாசியத்தைத்தான் மெஷின் எடுத்துடுமே. வேணும்னா சிஸ்டரைக் கேளுங்க."

சிஸ்டர் ஆக்னஸ் சிரித்துக்கொண்டே, "ரெண்டே ரெண்டு. அதுக்கு மேல நான் பாக்கலன்னு நெனைக்காதீங்க" என்றாள். அவன் சொன்னது உண்மைதான். லோயிஸுக்கு வாயெல்லாம் ஊறியது. இருந்தும் வாங்கவில்லை. முன்பின் தெரியாதவன் எதற்காக இவ்வளவு அக்கறை காட்டுகிறான்?

அது எண்பத்தேழாம் வருஷம், ஆந்திரத் தலைநகரம். லோயிஸுக்கு இருபத்திரண்டு வயது. உப்பல் பக்கம் ஓர் அரசாங்கக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, வேலை நிரந்தரமாவதற்குள் கால் வீங்கி, முகம் வீங்கி, ஒருநாள் டைப்ரைட்டர் மேலேயே வாந்தி எடுத்து விழுந்தாள். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் இந்த வார்டுதான். கூட வேலை பார்த்த பெண்கள் முதல் மாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவருக்காகக் கல்யாணம் நிச்சயமானது, வரவு நின்றது. சர்ச்சில் மட்டும் வாராவாரம் அவள் பேரைச் சொல்லி ஜெபித்தார்கள். பேர் அடிபட்ட பிறகு அவளோடு யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை.

பக்கத்து மெஷின்காரன் பேர் உமாசங்கர். அவளைவிட இரண்டு மூன்று வயது பெரியவனாக இருக்கலாம். அப்பா நாராயணஸ்வாமி டிஃபென்ஸில் சயின்டிஸ்ட் என்று அவனே சொன்னான். கேட்காமலேயே எல்லாம் சொல்வான். தாகம் தாங்கவில்லையென்றால் தண்ணீரைக் குடிக்காதே, ஐஸ்கட்டியாக்கி வாயில் அடக்கிக்கொள் என்பான். கீரையை நறுக்கி ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல் என்பான். கால் சதை பிடித்து இழுக்கப்போவதை அவள் உணர்வதற்கு முன்பே அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, "சிஸ்டர், இவங்களுக்கு கிராம்ப் வருது!" என்று கத்துவான். டயாலிசிஸ் முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டான். மாடிப்படி ஓரத்தில் நின்று நோயாளிகளின் சொந்தக்காரர்களோடு ரகசியம் போலப் பேசிக்கொண்டிருப்பான். லோயிஸ் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் இதைப் பார்த்தாள்.

அப்பா தனசிங்கும் பார்த்தார். ரயில்வேயில் ஹெட் கிளார்க். மனிதர்களைப் பற்றி நல்லதாக நினைத்தால் சம்பளத்தில் பிடித்தம் செய்துவிடுவார்கள் என்பது போல நடந்துகொள்பவர்.

"ஏட்டி, அந்தப் பயகிட்ட என்ன பேச்சு?"

"அவங்கதான்ப்பா பேசுறாங்க."

"ஆஸ்பத்திரில இனிக்க இனிக்கப் பேசுதவன் எவனையும் நம்பக்கூடாது. கிட்னி வாங்கி விக்கிற தரகனுவ இப்படித்தான் சுத்துவானுவ. நோயாளி மாதிரியே படுத்துக் கெடப்பானுவ."

"மெஷின்ல ஊசி குத்திக்கிட்டா படுத்திருப்பான் தரகன்?" என்று அம்மா கேட்டாள். அம்மாவின் கவலை வேறு. பையன் ஐயர் வீட்டுப் பிள்ளை.

லோயிஸுக்கு இரண்டு பேர் பயத்திலும் நம்பிக்கையில்லை. ஆனால் அடுத்த வாரமே உமாசங்கர் கேட்டான்: "உங்களுக்கு யாரு கிட்னி தரப்போறா?"

"அண்ணன்."

"அவரே சொன்னாரா? இல்ல, எல்லாருமா சேர்ந்து சொல்ல வெச்சேளா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கைக்கு?" என்று உருதுவில் கேட்டாள். "எதுக்கு? நீங்க ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்று கண்ணை மூடிக்கொண்டான். அந்தச் 'சும்மா'வை அவள் வீடுவரை தூக்கிக்கொண்டு போனாள்.

அண்ணன் கிதியோன் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். அவன் ரத்தப் பிரிவும் அவளுடையதும் ஒன்று என்று தெரிந்த அன்றைக்கே எல்லாம் முடிவாகிவிட்டது. அப்பா எல்லோரையும் முழங்காலிட வைத்துக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். மறு ஞாயிறு பாஸ்டர் சபையில் அறிவித்தார். கிழவிகள் கிதியோனின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது அடுத்த கட்ட ரத்தப் பரிசோதனை. அதற்குத்தான் அவன் வரவில்லை. முதல் தடவை ஷிப்ட் மாறிவிட்டது என்றான். அடுத்த தடவை சளி என்றான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு ஆட்டோவில் வரும்போது ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் இரானி ஹோட்டலில் லோயிஸ் அவர்களைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கிதியோன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே உமாசங்கர். மேஜைமேல் கைகளை ஊன்றி, மாடிப்படி ஓரத்தில் பேசுவானே அதே மாதிரி, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தான். அம்மா மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிதியோன் இருட்டின பிறகு வந்தான்.

"எங்கண்ணே போயிருந்த?"

"கம்பெனில ஓவர்டைம்."

பொய். அண்ணன் தன்னிடம் பொய் சொல்லி அவள் பார்த்ததேயில்லை. அன்றைக்குப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். பழம் கொடுத்தது, யார் தருகிறார்கள் என்று விசாரித்தது, இப்போது அண்ணனைத் தனியாக மடக்கியது. அப்பா சொன்னதுதான் சரி. வீட்டில் தருகிறவரைப் பயமுறுத்திக் கலைத்துவிட்டால், பிறகு அவர்கள் தரகனிடம்தானே போயாக வேண்டும்?

செவ்வாய்க்கிழமை இருவருக்கும் ஊசி ஏறும்வரை காத்திருந்தாள். எழுந்து போக முடியாதபடி அவன் கட்டுண்ட பிறகு கேட்டாள்.

"எங்கண்ணன்கிட்ட என்ன பேசுனீங்க?"

உமாசங்கரின் முகம் மாறியது. "அவரைக் கேளுங்க."

"உங்களைத்தான் கேக்கேன். நீங்க பேசினதுக்கு அப்புறம் அவன் என் முகத்தையே பாக்க மாட்டேங்கான். என்ன சொல்லிப் பயமுறுத்துனீங்க?"

"என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியில சொல்ல முடியாது. அவர் சொல்லட்டும்."

"அப்ப ஏதோ இருக்கு."

"இருக்கு" என்றான். அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். கோபத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. ஆக்னஸ் ஓடிவந்து பிரஷர் பார்த்துக் கால்மாட்டை உயர்த்த வேண்டியதாயிற்று.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தனசிங் மறுநாளே லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போய்ச் சத்தம் போட்டார். டாக்டருக்கு உமாசங்கரைப் பல நாளாகத் தெரியும். இருந்தாலும் வார்டில் வம்பு வேண்டாம் என்று அவனைக் காலை முதல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை பக்கத்துக் கட்டிலில் ஒரு காண்ட்ராக்டர் படுத்திருந்தார். ஊசி ஏறியதும் குறட்டை விட ஆரம்பித்தார். லோயிஸுக்குக் கால் சதை பிடித்தபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளே கத்தினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வார்டுக்குள் நுழையும் முன் ஒரு பெண் வழிமறித்தாள். காட்டன் புடவை, தோளில் ஆபீஸ் பை, வயது முப்பதுக்குள்.

"நீதானே லோயிஸ்? நான் நீலா. உமாவோட அக்கா."

லோயிஸ் ஒரு அடி பின்வாங்கினாள். அம்மா ஆட்டோக்காரரிடம் சில்லறைக்காக நின்றுவிட்டிருந்தாள்.

"சண்டைக்கு வரலைம்மா. அவன் தரகன்னு உங்கப்பா சொன்னாராமே. அது ஒண்ணைத்தான் எங்களால தாங்க முடியலை. அவனுக்குக் கிட்னி குடுத்தவ நான்."

"குடுத்திருந்தா அவங்க ஏன் இன்னும் மெஷின்ல இருக்காங்க?"

"ஒரு வருஷம்கூட ஓடலை. உடம்பு ஏத்துக்காம தள்ளிடுத்து. டாக்டர்கள் அதை எடுத்துட்டா."

லோயிஸ் நம்பவில்லை. கதை சொல்ல யாராலும் முடியும். "காட்டுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

நீலா கோபப்படவில்லை. பெண்கள் பாத்ரூமுக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, புடவையை ஒதுக்கித் திரும்பி நின்றாள். முதுகில் ஆரம்பித்து இடுப்பைச் சுற்றி வயிற்றுப் பக்கம் வரை ஒரு தழும்பு. இவ்வளவு நீளமாக இருக்கும் என்று லோயிஸ் நினைத்ததே இல்லை. அவளுடைய கனவுகளில் கிதியோனின் கிட்னி தானாகவே அவளுக்குள் வந்து சேர்ந்திருக்கும். அவனை வெட்டுகிற காட்சி ஒருநாளும் வந்ததில்லை.

"மழைக்காலத்துல இழுக்கும். மத்தபடி நன்னாத்தான் இருக்கேன்" என்று நீலா புடவையைச் சரிசெய்தாள். "உங்கண்ணாவை உமா கூப்பிடலை. அவரேதான் மாடிப்படிக்கிட்ட வந்து, 'உங்களுக்கு யாரு குடுத்தா, அவங்களை நான் பாக்கணும்'னு கேட்டார். எங்காத்துக்கு ரெண்டு தடவை வந்தார். எங்கம்மா காபி குடுத்தா, குடிக்கக்கூட இல்லை."

"என்ன கேட்டான்?"

"அதை அவர்தான் சொல்லணும். என் சமாசாரத்தை வேணா நான் சொல்றேன். நான் குடுத்ததுல எனக்கு வருத்தமில்லை. இன்னொண்ணு இருந்தா அதையும் குடுத்திருப்பேன். ஆனா என்னை ஒருத்தரும் கேக்கலை. எனக்கு வந்த வரனை நிறுத்தி வெச்சுட்டு, ஆஸ்பத்திரிக்குத் தேதி குறிச்சா. அது உமாவுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அன்னிலேர்ந்து அந்தப் பைத்தியம் எல்லார்கிட்டயும் போய், குடுக்கறவாளைக் கேட்டேளா, கேட்டேளான்னு உயிரை வாங்கிண்டிருக்கான். மாடிப்படியில அதுக்குத்தான் நிக்கறான்."

வெளியே அம்மா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அன்று மெஷினில் இருந்த நேரம் முழுவதும் லோயிஸ் நீலாவையும் சந்தேகித்துப் பார்த்தாள். தம்பிக்காக அக்கா பொய் சொல்லலாம். தழும்பு வேறெதனாலும் வந்திருக்கலாம். எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு கேள்வி மட்டும் நகரவில்லை. கிதியோனைத் தான் ஒரு தடவையாவது கேட்டோமா?

கிதியோனுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். மறுநாள் சாயங்காலம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்பக்கம், துணி காயப்போடும் கொடியடியில் பனியனோடு நின்றுகொண்டிருந்தான். லோயிஸ் போய்ப் பக்கத்தில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

"நீலாக்காவைப் பாத்தேன்."

அவன் திரும்பவேயில்லை.

"அண்ணே, உனக்கு விருப்பமில்லையா?"

"விருப்பம்னு யார் கேட்டா?" என்றான். "அப்பா ஜெபம் பண்ணாரு. எல்லாரும் ஆமென்னு சொன்னீங்க, நானும் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. எந்திரிச்சுப் பாக்கேன், எல்லாம் முடிஞ்சிருக்கு."

லோயிஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் ஒரு கணம் சிரித்தான். பிறகு முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

"கத்தியெல்லாம் எனக்குப் பயமில்ல, லோயி. அது ஓடாமப் போச்சுன்னா? அந்த உமா மாதிரி நீ திரும்ப மெஷினுக்குப் போய்ட்டேன்னா? என்னுது மட்டமான சாமான்னு நீ சொல்ல மாட்ட. ஆனா தினமும் உன் மூஞ்சியப் பாக்கணுமே. அதான் அவங்கக்காகிட்ட போய்க் கேட்டேன், எப்படிப் பாக்குறீங்கன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நாள் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையாம். அப்புறம் ஒருநாள் கேரம் ஆடினாங்களாம்."

அன்று சாப்பாட்டுக்கு முன் அப்பா ஜெபத்துக்குக் கண்ணை மூடியபோது லோயிஸ் மூடவில்லை. "அப்பா, டெஸ்ட்டை நிறுத்தச் சொல்லிடுங்க. அண்ணன் தன் வாயால தரேன்னு சொல்லட்டும், அதுவரைக்கும் நான் மெஷின்லயே இருந்துக்கிடுதேன்" என்றாள். தனசிங் முதலில் அந்த ஐயர் பயலைத் திட்டினார். பிறகு மகனைத் திட்டினார். பிறகு சாப்பிடாமல் எழுந்து போனார். அப்பனும் மகனும் பேசிக்கொள்ளாமல் கிறிஸ்துமஸ்கூடக் கழிந்தது.

லோயிஸ் டாக்டரிடம் போய்த் தன்னையும் காலை முதல் ஷிப்டுக்கு மாற்றச் சொன்னாள். அதற்கு விடியும் முன்பே எழுந்து மெட்டுகுடா வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள்.

உமாசங்கர் அவளைப் பார்த்ததும் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான். "இன்னிக்கு என்ன? போலீஸோட வந்திருக்கேளா?"

"தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க."

"அவ்வளவு சீக்கிரமா? எனக்கு இப்ப உங்கமேல சந்தேகமா இருக்கு" என்றான். விளையாட்டாகச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கோபம் ஆறச் சில வாரங்கள் பிடித்தன. அதுவரை பேச்செல்லாம் ஆக்னஸ் வழியாகத்தான். அந்த ஷிப்டில் இருந்த மற்ற இருவரும் சின்ன வயதுக்காரர்கள்தான். வாரங்கல்லிலிருந்து வந்த ஒரு காலேஜ் பையன், கையில் குழந்தையோடு வரும் ஒரு பெண். தாகத்தைப் பற்றி, கறுத்துப்போன தோலைப் பற்றி, பாதியில் நின்ற கல்யாணப் பேச்சுகளைப் பற்றித் தெலுங்கிலும் தமிழிலும் உருதுவிலும் பேசிக்கொண்டார்கள். ஜெபத்தில் சொல்ல முடியாத விஷயங்களை லோயிஸ் அங்கே சொன்னாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. "ஹவ், ஆமா, எனக்கும்" என்றார்கள்.

ஜனவரியில் ஒரு காலை கிதியோன் ஷிப்டுக்குப் போகும் வழியில் வார்டுக்கு வந்தான். அவள் மெஷினில் இருக்கும்போது அவன் உள்ளே வந்தது அதுவே முதல் தடவை. குழாயில் ஓடும் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சட்டைக்கையை மடித்துவிட்டு ஆக்னஸிடம், "டெஸ்ட்டுக்கு எடுத்துக்கோங்க சிஸ்டர்" என்றான். அப்பாவுக்குத் தெரியாது. யாரும் முழங்காலிடவில்லை.

பொருத்தம் சரியாக வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஏப்ரலுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் லோயிஸ் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். டாக்டரிடம் அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் சதவீதம்தான் சொல்லியிருப்பார்.

உமாசங்கர் யோசித்தான். "வலிக்கும். வாய் ஒட்டிண்டு கெடக்கும். அப்புறம் நர்ஸ் வந்து கட்டிலுக்குக் கீழ தொங்கற பையைக் காட்டுவா. அதுல மஞ்சளா, ஒன்னுக்கு. நமக்கு எத்தனை நாளா ஒரு சொட்டு கிடையாது? நான் பாத்துண்டே இருந்தேன். சொட்டு சொட்டா எறங்கறது. பால்காரன்கிட்ட அளவு பாக்கற மாதிரி எங்கக்கா வேற அடுத்த ரூம்லேர்ந்து, எவ்வளவு ஆச்சு, எவ்வளவு ஆச்சுன்னு கேட்டு அனுப்பிண்டே இருந்தா."

லோயிஸ் ஊசி குத்திய கையை அசைக்காமல் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது.

"அது நின்னுபோனப்போ?"

"அதையும் சொல்றேன்" என்றான் உமாசங்கர். "முதல்ல இதைக் கேட்டு முடிங்கோ."