இந்தப் படம் எங்கே போகும்?

கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்துப் பதினாலு வருடம் ஆகிறது. கேமரா இன்றைக்கு எல்லோர் கையிலும் இருக்கிறது. என்னைத் தேடி வருகிறவர்கள் வேறொன்றுக்காக வருகிறார்கள். "ஷிம்னா சேச்சி எடுத்தா கூச்சமே தெரியாது" என்று கண்ணூர் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பவர்களிடம் எதையாவது பிடிக்கக் கொடுப்பேன். விறைத்து நிற்பவர்களை நடக்கவிடுவேன். முதல் கால் மணி நேரம் எடுப்பது வெளிச்சம் பார்க்கத்தான் என்று பொய் சொல்வேன். பெரும்பாலும் நல்ல படம் அதில்தான் விழும்.

அந்தப் புதன்கிழமை காலை, மணலிலேயே கார் ஓட்டிப்போகிற முழப்பிலங்காடு கடற்கரையில் இந்த வித்தை ஒன்றும் பலிக்கவில்லை.

லிஜின் துபாயிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்தவன். கேமராவைக் கண்டால் அவனுக்குக் கொண்டாட்டம். அவனுக்கு நிச்சயித்திருந்த பெண் அதுல்யா, தலச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள், யார் கையில் போன் இருக்கிறது என்று கண் அலைந்துகொண்டே இருந்தது.

"மோளே, கேமராவை மறந்துடு. காலையில என்ன சாப்பிட்டான்னு அவன்கிட்ட கேளு."

"என்னத்தையோ சாப்பிட்டிருப்பார் சேச்சி."

"பாத்தீங்களா?" என்றான் லிஜின். "தாலி கட்டறதுக்கு முன்னாடியே இந்த லட்சணம். புட்டும் கடலையும் தின்னேன். யாரும் கேக்கல, நானே சொல்லிக்கறேன்."

அவள் சிரித்தாள். கேமராவைத் தூக்கியதும் சிரிப்பு அணைந்துவிட்டது. சவுக்கு மரங்களடியில் நிறுத்தினேன். பாறைப் பக்கம் கூட்டிப்போனேன். அங்கிருந்து டீக்கடைக்கு. எங்கேயும் அவள் நிலைகொள்ளவில்லை. காற்று வேறு சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் அவசரம் தொற்றிக்கொண்டது. வெயில் ஏறினால் படம் போச்சு.

"சேச்சி, இந்தப் படமெல்லாம் எங்கெல்லாம் போகும்?" என்று திடீரென்று கேட்டாள்.

"நேரா உன் மாமியார் வீட்டுச் சுவத்துக்கு."

லிஜின் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அப்போது ஒரு ஜீப் மணலில் எங்களைக் கடந்து போனது. உள்ளேயிருந்த ஒருவன் போனை உயர்த்திக் கடலைப் படம் பிடித்தான். அதுல்யா விடுவிடுவென்று நடந்துபோய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தா?" லிஜின் திகைத்து நின்றான்.

"நீ போய்க் கல்லுமக்காய் பொரிச்சது வாங்கிட்டு வா. மெதுவா வா" என்று அவனைச் சிப்பி வறுவல் கடைக்கு அனுப்பிவிட்டு, நான் காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவளே சொன்னாள். கல்லூரி இரண்டாம் வருடம், ஓணக் கொண்டாட்டத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, துணியில்லாத வேறு உடம்பில் ஒட்டி அனுப்பியிருக்கிறான், கூடப் படித்த ஒருவன். ஹாஸ்டல் முழுக்கச் சுற்றி, அப்பாவின் கடைக்கு வருகிறவர்களின் போன்வரை அது போயிருக்கிறது. அப்பா ஒரு வாரம் கடை திறக்கவில்லை. அந்தப் பையன் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். இவளுக்குக் கிடைத்தது, இனிமேல் ஜாக்கிரதையாக இரு என்ற புத்திமதி.

"லிஜினுக்குத் தெரியுமா?"

"சொல்லல சேச்சி. சொன்னா, அது எப்படித்தான் இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பார்க்கத் தோணும்ல அவருக்கு?"

என் பையில் போன் அதிர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. ஏழரை மணிக்கு, இருவரும் காரிலிருந்து இறங்கும்போது, போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்து என் இன்ஸ்டா பக்கத்தில் ஸ்டோரியாகப் போட்டிருந்தேன். "இன்றைய ஜோடி: லிஜின், அதுல்யா." எல்லா ஜோடிக்கும் செய்வதுதான். யாரையும் கேட்டதில்லை. பதினோராயிரம் பேர் பார்க்கிற பக்கம்.

"உங்ககிட்ட சொன்னதுல பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு சேச்சி. வாங்க, எடுக்கலாம்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவள் தனியாக நின்ற நிலை இருக்கிறதே! தோள் தளர்ந்து, முகம் மலர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எதற்காகப் பெயர் வாங்கினேனோ அது முழுசாக என் முன்னால் நின்றது. பையில் போன் மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். சத்தமில்லாமல் அழித்துவிட்டால் அவளுக்குத் தெரியவே போவதில்லை. அப்படி நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு படத்தையும் எடுத்தேன். ஒவ்வொன்றையும் திருடுவது போலிருந்தது.

கேமராவைக் கீழே இறக்கி, வீடியோ போட்டதைச் சொல்லிவிட்டேன்.

அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். நூற்றெண்பத்தாறு பேர் பார்த்திருந்தார்கள். மணலில் குந்தி உட்கார்ந்து, அத்தனை பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்து முடித்தாள். தேடிய பெயர் இருந்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. பிறகு அவளே அதை அழித்தாள்.

"கேமரா கார்டு."

கழற்றிக் கொடுத்தேன். லிஜின் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். "என்னாச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"கார்ல ஏறுங்க ஏட்டா. சொல்றேன்" என்றாள் அவனிடம். பொட்டலம் என் கைக்கு வந்தது.

கார் கரையோரமாக வடக்கே போய்ப் புள்ளியானது. திரும்பி வந்தது. நிற்கவில்லை. என்னைத் தாண்டித் தெற்கே போனது. இப்படி நாலைந்து முறை. ஒருமுறை கடக்கும்போது அவன் ஸ்டியரிங்கை அடித்து ஏதோ கத்திக்கொண்டிருந்தான். யார் மேல் என்று தெரியவில்லை. அடுத்த முறை அவள் பேசிக்கொண்டிருந்தாள், அவன் பேசவில்லை. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து அலை வரைக்கும் நடந்தேன். பொட்டலம் ஆறிப்போய்க் காகிதமெல்லாம் எண்ணெய்.

முக்கால் மணி கழித்துக் கார் என் முன்னால் நின்றது. லிஜினின் கண் சிவந்திருந்தது.

"உங்களை நல்லா திட்டணும்னு வந்தேன் சேச்சி" என்றான். "இவ வேண்டாங்கறா."

அதுல்யா கார்டை நீட்டினாள். "மீதியை எடுங்க. முடிஞ்சதும் கார்டு எனக்கு. எதை வைக்கிறது, எதை அழிக்கிறதுன்னு நான் சொல்றேன்."

வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. வீங்கிய கண், கலைந்த முடி. நான் ஒரு வேடிக்கையும் பேசவில்லை, எப்படி நிற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவள் லென்ஸை நேராகப் பார்த்து நின்றாள், நான் என்ன செய்கிறேன் என்று கண்காணிப்பவளைப் போல. லிஜின் அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு படம் எடுத்தேன். சனிக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது, காலையில் சிரித்த படங்களையெல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டு, இவற்றில் நான்கை வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு வேறு ஆளை வைத்தார்கள். பத்திரிகை மட்டும் எனக்கு வந்தது. நான் போகவில்லை.

என் பக்கத்தில், கேட்காமலே போட்ட படங்களாக, இருநூற்றுப் பதினேழு ஜோடிகள் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, படம் இருக்கட்டுமா என்று கேட்கத் தொடங்கினேன். பலர் சிரித்தார்கள்: "இதுக்குப் போயா போன் பண்றீங்க?" ஆறு வருடத்துக்கு முன் பையன்னூரில் நான் படம் எடுத்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு சேச்சி. அதைப் பக்கத்துலேருந்து எடுத்துடுங்கன்னு உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்" என்றாள்.

போனை வைக்கும் முன்பே அவர்கள் படத்தை நீக்கிவிட்டேன். இன்னும் பாதிப் பேரைக் கூப்பிடவில்லை.