காற்றுக்குப் பேர் வைத்த தெரு

"லீலாக்கா, கதவைத் தொறங்க! பஸ்ஸு போயிடும்!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்வர்ணலதா கத்தினாள். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், காலில் செருப்பு. எல்லாம் தயார். கதவு மட்டும்தான் தயாராக இல்லை. அதற்கு வெளியே கொண்டி போட்டிருந்தது.

"நான் இன்னா பண்ணட்டும்டீ? மேஸ்திரி மாமா உத்தரவு. பாவு சுருட்டினதும் தொறந்துடறேன்" என்றாள் எதிர்வீட்டு லீலா, கொண்டி போட்ட அதே கையால் டம்ளரை நீட்டிக்கொண்டு. "இந்தா, டீ குடி."

களம்பூர் ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் வேலை ஸ்வர்ணலதாவுக்கு. "இன்னொரு நாள் லேட்டா வந்தா கேட்டுலயே திரும்பிடும்மா" என்று மேனேஜர் நேற்றுதான் சொல்லியிருந்தார். அவளுக்கு டீயா இறங்கும்?

சேவூரின் அந்த நெசவாளர் தெருவில் பாவு நீட்டுகிற நாள் என்றால் தெரு முழுக்கத் தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைதான். மூங்கில் கால்களின் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதுவரைக்கும் புருஷனை இழந்தவள் வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் காற்று அடிக்கும். உழுது போட்ட வயல்களின் புழுதியெல்லாம் கிளம்பி வந்து ஈரப் பாவில் அப்பிக்கொள்ளும்.

"சும்மா சொல்லல. ஆதாரம் கீது" என்பார் கந்தசாமி மேஸ்திரி.

கடலில் கிளம்பும் புயலுக்குப் பேர் வைக்க எங்கேயோ ஆபீஸ் இருக்கிறதாம். சேவூரில் புழுதிக் காற்றுக்குப் பேர் வைக்க கந்தசாமி இருந்தார். களத்து மேட்டில் குவித்திருந்த நெல்லையெல்லாம் வாரிக்கொண்டு போய் ஏரியில் கொட்டியது விருத்தாம்பாள் காத்து. அன்றைக்கு விருத்தாம்பாள் குடத்தோடு தெருவில் வந்துவிட்டாளாம். வாழைத் தோப்பை ஒரு மரம் மிச்சமில்லாமல் சாய்த்தது கண்ணகி காத்து. கண்ணகி பால் வாங்கப் போனாளாம். வயல்காரர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். "கண்ணகி காத்துல போன தோப்புங்க அது" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கண்ணகி ஊரைவிட்டே போய்விட்டாள். விருத்தாம்பாள் செத்தே போய்விட்டாள். அவள் காற்று மட்டும் இன்னும் ஊர் வாயில் அடித்துக்கொண்டிருக்கிறது.

பைக்கில் போன ஸ்வர்ணலதாவின் புருஷன் ஜெயக்குமார் லாரியில் சிக்கி இறந்ததிலிருந்து, அடுத்த காற்றுக்கு அவள் பேரைத் தெரு தயாராக வைத்திருந்தது. அந்தப் பயத்தில்தான் இத்தனை நாளும் கொண்டிக்குள் அடங்கிக் கிடந்தாள்.

போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பலத்த காற்று வீசும், எச்சரிக்கை!

"மாமா! காத்து வருதாம், மெசேஜ் வந்துகீது! ஜல்தி பாவைச் சுருட்டுங்க!"

கந்தசாமி அப்போதுதான் மனைவி குணசுந்தரியின் போட்டோவுக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு முதல் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார். தெருவில் யார் வீட்டுப் பாவானாலும் முதல் கஞ்சி அவர் கையால்தான். ராசியான கை.

"நல்ல காரியம் நடந்துகினு கீது. வாயை மூடும்மா!"

மூடினாள். வானம் திறந்தது.

மேற்கே முதலில் ஒரு செம்மண் சுவர் எழுந்தது. அடுத்த நிமிஷம் அது தெருவுக்குள் இருந்தது. மூங்கில் கால்கள் குப்புற விழுந்தன. கஞ்சிக் குண்டான் உருண்டு ஓடியது. கந்தசாமியின் துண்டு பறந்துபோய் லீலா வீட்டு டிஷ் ஆண்டெனாவில் மாட்டிக்கொண்டது. அவர் பாவை மார்போடு கட்டிக்கொண்டு தெருவில் உருண்டார். தெருவிலேயே புழுதி படாமல், சேலை மடிப்புக் கலையாமல் நின்றவள் ஸ்வர்ணலதா ஒருத்திதான். கொண்டிக்கு ஒரு நன்றி.

காற்று ஓய்ந்தபோது தெருவில் எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். அந்த நிறத்திலேயே ஓர் ஆள் தலைதெறிக்க ஓடிவந்தார். பேசிய பிறகுதான் அது வயல்காரர் தசரதன் என்று தெரிந்தது.

"களத்துல கொட்டி வச்ச நெல்லு மொத்தமும் போச்சு மேஸ்திரி! யார் காத்துங்க இது?"

கந்தசாமி வாயிலிருந்த மண்ணைத் துப்பினார். கண்கள் நேராக ஜன்னலுக்குப் போயின.

"இதோ, இவதான்! காத்து காத்துன்னு வாய வச்சா!"

"அந்த மெசேஜ் எனக்குந்தான் வந்துச்சு மாமா" என்றாள் லீலா. "உங்க போனுக்கும் வந்திருக்கும். பாருங்க."

பார்த்தார். வந்திருந்தது.

"அப்ப தெருவுல எறங்கியிருப்பா!"

"எப்படி எறங்குவா? நான் போட்ட கொண்டி போட்டபடி கீது" என்று லீலா சண்டைக்கே வந்துவிட்டாள். தன் கொண்டியைக் குறை சொன்னால் அவள் பொறுப்பாளா?

"அப்ப யாருதான்யா?" தசரதன் பொறுமை இழந்தார். "ஜோடியைப் பறி குடுத்தவங்க யாரோ ஒருத்தர் பாவாண்ட நின்னுகினு இருந்திருக்கணும் இல்ல? பேஜாரா கீதே! வீட்ல போயி நான் இன்னான்னு சொல்றது?"

தெரு யோசித்தது. ஸ்வர்ணலதா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, மிக மரியாதையாகக் கேட்டாள்.

"மாமா, அத்தை போட்டோவுக்கு மாலை போட்டு மூணு வருசம் ஆவுது இல்லீங்க?"

தசரதன் மெதுவாகக் கந்தசாமி பக்கம் திரும்பினார்.

லீலா முதலில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அது போதவில்லை. சிரித்துக்கொண்டே போய்க் கொண்டியைத் தள்ளினாள். தசரதன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, தலையை ஆட்டி, சைக்கிளில் வந்த பால்காரரிடம் உரக்கச் சொன்னார். "கந்தசாமி காத்துங்க! அவரே நடுத்தெருவுல நின்னாராம்!"

ஸ்வர்ணலதா பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். புழுதியில் அதுவும் வழியிலேயே நின்றுதான் வந்தது. மில் வாசலில் யாரும் லேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளுவதற்கு ஆள் போதாமல் மேனேஜரே துடைப்பமும் கையுமாக நின்றார். அவள் போவதற்கு முன்பே அங்கே பேர் போய்ச் சேர்ந்திருந்தது. "கந்தசாமி காத்தும்மா, ஒரு நெல்மணி மிச்சமில்ல!"

அந்த வாரமே தெருக் கூட்டம் கூடியது. கூட்டியவர் கந்தசாமி. எழுந்து நின்று, வெயில் சூடு, காற்றழுத்தம், காய்ந்த மண் என்று அரைமணி நேரம் விஞ்ஞானம் பேசினார்.

"காத்துக்கும் மனுசனுக்கும் இன்னாங்க சம்மந்தம்? இனிமே எந்தக் காத்துக்கும் ஆள் பேர் வைக்கக்கூடாது. கொண்டியும் வேணாம். இன்னா சொல்றீங்க?"

ஒருமனதாக நிறைவேறியது. இத்தனை காலமும் பெண்கள் பேரில் அடித்தபோது வராத விஞ்ஞானம், அவர் பேரில் ஒரே வாரம் அடித்ததும் வந்துவிட்டது.

"அப்ப விருத்தாம்பாள் அம்மா பேரையும், கண்ணகியக்கா பேரையும் எடுத்துடலாமா மாமா?" என்று கேட்டாள் ஸ்வர்ணலதா.

"அது பழசும்மா. ஜனங்க வாயில ஏறிப்போச்சு. எப்படி எடுக்கிறது?"

"சரிங்க மாமா" என்றாள் அவள். "உங்க பேரும் ஏறிப்போச்சு. அதுவும் இருக்கட்டும்."

அடுத்த பாவு நாளில் அவள் பையை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸை வீசிக்கொண்டு, நீட்டியிருந்த பட்டு இழையை ஒட்டியே நடுத்தெருவில் நடந்து போனாள். கந்தசாமி கஞ்சிக் குண்டானோடு நின்றிருந்தார். தெருக்கோடி வேப்பமரத்தில் இலைகள் சலசலத்தன.

தெருவே கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. ஸ்வர்ணலதாவை அல்ல.

கந்தசாமி குண்டானைக் கீழே வைத்தார். யாரும் சொல்லாமலேயே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.