ஏழாவது பேரிங்

சகல ஜனங்களுக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில், எண்ணெய் வழுக்கும் என்கிற மகத்தான உண்மை இன்று காலை மதராஸ் மெயிலில், இரண்டாம் வகுப்பில், பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டது... கூடவே ஒரு தோல் பெட்டி, ஒரு சோலா தொப்பி, தொப்பிக்கு அடியில் சுந்தரராமன், எண்ணெய்க் கம்பெனியின் லூப்ரிகேஷன் எஞ்சினியர். இப்படி ஓர் உத்தியோகம் பூமியில் இருக்கிறது என்பதே இந்தப் பஞ்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஹெட் ஃபிட்டராக இருக்கிற எனக்குத் தெரியாமல் போயிற்று, பாவம் நான். வந்தவர் முதலில் காப்பி கேட்டார், அப்புறம் நாற்காலி கேட்டார், அப்புறம் எண்ணெய் பீப்பாய்களைப் பார்த்து இதெல்லாம் ஏன் மழையிலும் வெயிலிலும் நிற்கிறது என்று கேட்டார். கிடங்கில் மேனேஜர் சேஷகிரியின் மோட்டார் கார் நிற்கிறதே, அது நனையலாமா, பீப்பாய் நனைந்தால் யாருக்கு ஜலதோஷம் பிடிக்கும்... இதை நான் சொல்லவில்லை, "ஆமா சார்" என்று சொன்னேன், இருபத்திரண்டு வருஷத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான்.

காலை முழுக்க இப்படியே போயிற்று, அவர் முன்னால், நான் பின்னால், ஒவ்வொரு பேரிங்கிலும் வெப்பமானியை வைத்து, காய்ச்சல்காரன் நாக்கைப் பார்க்கிற டாக்டர் மாதிரி ம்ம் ம்ம் என்று தலையாட்டி, நோட்டில் எழுதி. எந்த மெஷினுக்கு எந்த எண்ணெய் என்று தகரக் குவளைகளுக்குச் சாயம் பூச வேண்டுமாம், நூல் சுற்றுகிற கதிருக்குப் பச்சை, ஷாஃப்டுக்குச் சிவப்பு. விளக்கெண்ணெய் கூடவே கூடாதாம், அது பிசின் மாதிரி இறுகிப்போகுமாம், அடடா, விளக்கெண்ணெய் ஊற்றி ஊற்றித்தானே பதினைந்து வருஷம் இந்த ஆலை ஓடியது, அப்போது இவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாரோ... கடைசியில் வந்து நின்ற இடம் ஏழாவது பேரிங். தலைக்கு மேலே ஓடுகிற பெரிய ஷாஃப்டைத் தாங்குகிற பத்தில் ஏழாவது, மூன்று வாரத்தில் இரண்டு தடவை புகைந்து நின்றது, நின்றால் பாதி ஆலை நின்றது. இதற்காகத்தான் இவரை வரவழைத்தது, இதற்காகத்தான் காலையிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் மைக்கேல்ராஜ் நிற்கிறான்.

மைக்கேல்ராஜ் எண்ணெய் போடுகிறவன், எங்கள் மர்பி டவுன்தான், எனக்கு இரண்டு தெரு தள்ளி. தினம் மூன்று வேளையும் எண்ணெய் வாங்குகிறான், பேரிங் என்னவோ காய்ந்து கிடக்கிறது, அப்படியானால் எண்ணெய் எங்கே... சேஷகிரி இந்தக் கணக்கைப் போடுவதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். "ஏன்ரீ தியோடர், ஆயில் எல்லாம் எங்கே போகுது? குடிக்கிறானா அவன்?" "விக்கிறானோ என்னவோ சார்," என்றேன் நான். அவ்வளவுதான் சொன்னேன், 'என்னவோ' போட்டுத்தான் சொன்னேன், மேனேஜர் காதுக்குள் 'என்னவோ' எல்லாம் நுழையாது என்பது என் தப்பா? இன்று இரண்டு மணிக்கு எஞ்சினியரின் வாய்வார்த்தையைக் கேட்டுவிட்டு முடிவு. திருடன் என்று வேலைச் சீட்டில் எழுதி வெளியே அனுப்பினால் இந்த ஊரில் வேறு எந்த ஆலை அவனைக் கேட்டுக்குள் விடும்? நேற்று அவன் பெண்டாட்டி ஜோசஃபின் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்றால் வரவில்லை. "அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ணா, உங்க பேச்சைத்தான் அவங்க கேப்பாங்க." என் பேச்சை! இந்த ஆலையில் என் பேச்சைக் கேட்கிறது சங்கு ஒன்றுதான், அதுவும் கயிற்றைப் பிடித்து இழுத்தால். போன வாரம் மைக்கேல்ராஜும் ஷாஃப்டுக்குக் கீழே என்னை நிறுத்தி, "ஊத்தறேண்ணா, சத்தியமா ஊத்தறேன், உள்ள போகாம வெளிய வழியுது, தரையப் பாருங்க," என்றான். பார்த்தேன், தரையில் எண்ணெய், எண்ணெய் மேல் பஞ்சு. "கண்ண மூடிட்டு ஊத்தினா வழியாம என்னடா பண்ணும்," என்றேன், கூட நின்றவர்கள் சிரித்தார்கள், நல்ல ஜோக் என்று அன்று முழுக்க எனக்கே ஒரு திருப்தி.

சாப்பாட்டு மணி அடித்து ஷாஃப்ட் நின்றது. காது திடீரென்று காலியாகிவிட்டது. "மேலே ஏறி ஆயில் ஹோல் கிளியரா இருக்கான்னு பாருங்கோ, மிஸ்டர் தியோடர்," என்கிறார் எஞ்சினியர், தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டே. வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு எண்ணெய் பார்க்க வருகிற ஜாதி... ஏணி வந்தது, ஏறினேன், ஐம்பத்தோரு வயசு முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு புகார் கொடுக்கிறது. மைக்கேல்ராஜ் இவ்வளவு தூரம் ஏறமாட்டான், பாதியில் நின்று நீள மூக்குக் குப்பியைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவான், எல்லா எண்ணெய்க்காரனும் அப்படித்தான், மேலே இருப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது. பேரிங்கின் உச்சியில் ஓட்டைக்கு மேல் மூடி இல்லை, மற்ற ஒன்பதுக்கும் பித்தளை மூடி உண்டு, இதன் மூடி உடைந்து மாசக்கணக்காகிறது, புது மூடிக்கு நான் எழுதிப்போட வேண்டும், போட வேண்டும்... ஓட்டையும் இல்லை. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக, சூட்டில் வெந்து ஓடு மாதிரி, நடுவில் கொஞ்சம் சிவப்பு. சந்தனம். குங்குமம்.

ஆயுத பூஜை. ஒரு மாசம் ஆகிறது. "நம்ம ஹெட் ஃபிட்டர் கையாலேயே ஆகட்டும்," என்று சேஷகிரி அத்தனை பேர் முன்னால் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார், கழுத்தில் மாலை வேறு. கோயிலில் ஃபாதருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்தான், அப்புறம் மாலை கனமாக இருந்தது, எல்லோரும் கீழேயிருந்து அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏணி மாற்றி ஏணி ஏறி, பத்து பேரிங்குக்கும் பத்து பொட்டு, நெற்றியில் வைப்பது மாதிரி சரியாக நடு உச்சியில். ஒன்பது பொட்டு மூடிமேல் நின்றது. ஏழாவதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே அப்பினேன், விரல் உள்ளே இறங்குகிறதே என்று தோன்றியது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"என்ன, மிஸ்டர் தியோடர்? கிளியரா?" கீழே பென்சில் தயாராக நிற்கிறது. சொல்லிவிடலாம், நாலு வார்த்தை, இந்தச் சோலா தொப்பி வாய்விட்டுச் சிரிக்கும், மதராஸ் வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரிக்கும், ஒரு கிறிஸ்தவ ஃபிட்டர் சந்தனம் வைத்து ஆலையை நிறுத்தின கதை... அதற்குள் என் சட்டைப்பையிலிருந்து ஆணி கைக்கு வந்துவிட்டது, நான் எடுத்தேனா? சுரண்டினேன், ஓடு உடைந்து பொடியாக உதிர்ந்தது, ஊதினேன், கையோடு கொண்டு ஏறின குப்பியைச் சாய்த்தேன், எண்ணெய் மடக் மடக்கென்று உள்ளே இறங்கியது, ஒரு மாசத் தாகம். "கிளியரா இருக்கு சார்." "அப்போ ஆயில் கேட்டுக்கு வெளியேதான் போறது," என்று அவர் எழுதிக்கொண்டார். என்ன கூர்மையான மூளை, என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன், பழக்கதோஷம். தரையில் எண்ணெய் அப்படியே இருந்தது, அதன் மேல் பஞ்சு. வழியுது அண்ணா என்று அவன் காட்டியபோது நான் தரையைத்தான் பார்த்தேன், மேலே பார்க்கவில்லை, ஏணி சுவரோரம்தான் சாய்ந்திருந்தது, பத்தடி தூரம்... தெரியாமல்தான் பார்க்காமல் இருந்தேனா, தெரிந்துதானா? கை கழுவும்போது நகத்துக்குள் மஞ்சள் கொஞ்சம் போகாமல் நின்றது.

இரண்டு மணிக்கு மைக்கேல்ராஜின் சீட்டில் அந்த வார்த்தையை எழுதினார்கள், ஷாஃப்டுக்குச் சிவப்புக் குவளை வந்தது, மூன்று மணிக்கு ஏழாவது பேரிங் குளிர்ந்துவிட்டது.