கிண்ணியா இறங்குதுறைக்குக் கால் உளைவு வந்த வரலாறு

1961ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, திருகோணமலைப் பட்டினத்தில் ஞானசேகரத்தின் வீட்டிலிருந்து ஒரு மரக் கதிரை நொண்டி நொண்டி வெளியே வந்து, மீன் சந்தை வரை போய்த் திரும்பி வந்தது. அன்று பாரை மலிவு, சூடை வரவில்லை. கதிரை தன் இடது பின்னங்காலை இழுத்து நடந்த விதத்தைப் பார்த்தவர்கள், காலையில் ஒரு சுங்க இலிகிதரின் காலில் இருந்த உளைவுதான் இது என்று உடனே கண்டுகொண்டார்கள். அவரும் அப்படித்தான் அடிக்கொரு தரம் நின்று, முகத்தைச் சுளித்து, பிறகு நடப்பார். கதிரைக்கு முகம் இல்லை என்பதொன்றுதான் வித்தியாசம். இலிகிதர் அன்று மாலை உதைபந்து விளையாடினார்.

ஞானசேகரம் டொக்டரும் அல்ல, பரியாரியும் அல்ல. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போகும்வரை அவர்களுடைய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலை பார்த்தவர். அப்படிப் புரட்டிப் புரட்டியே, இடுப்புக்கு மேல் எந்த எலும்பு எந்த நரம்பை நெரிக்கிறது என்பது தன் விரலுக்குத் தெரிந்துவிட்டது என்பார். மிச்சத்தைக் கப்பலில் வந்த கனடாக்காரன் ஒருவன் காட்டிக் கொடுத்தானாம். வாசலில் பலகை மாட்டியிருந்தார்: ‘கத்தி இல்லை, ஊசி இல்லை, சத்தம் போடலாம்.’ நோயாளியை மல்லாக்காகக் கிடத்தி, காலை நீட்டியபடியே மெல்லத் தூக்கி, எந்த உயரத்தில் கத்துகிறார் என்று பார்ப்பார். பிறகு பக்கவாட்டில் சரித்து, மேல் முழங்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்து, கதை கேட்பதுபோல் ஏதோ கேட்பார். நோயாளி பதில் சொல்ல வாய் திறக்கும்போது ஒரு திருகு. படக்கென்று சத்தம் வரும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் அதைச் சங்கு என்று நினைத்துப் பதிலுக்கு ஊதிய நாட்களும் உண்டு.

அவருடைய வைத்தியத்தில் ஒரேயொரு குறை. எடுத்த உளைவு அழியாது. ஆளை விட்டு, கிட்டத்தில் கால் உள்ள வேறு எதிலாவது போய் ஏறிவிடும். இரண்டு வருஷத்துக்குள் அவர் வீட்டுக் கதிரைகள், மேசை, அலுமாரி, கோழிக்கூடு எல்லாம் நொண்டத் தொடங்கி, ஓர் இடத்தில் நில்லாமல் வளவுக்குள் அலைந்தன. அவர் மனைவி சோறு போட மேசையைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் கிண்ணியாவிலிருந்து ஸெய்னுதீன் வந்தார். ஆளையும் வண்டியையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றி, கடலோடு சேரும் களப்பின் வாயைக் கடக்கும் மிதவையை இந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். அந்தப் பாதையில் கயிறு இழுப்பவர் அவர். இடது பிட்டத்தில் தொடங்கி, தொடை வழியாக, கெண்டைக்காலைச் சுற்றி, சுண்டுவிரல் வரைக்கும் ஒரு நெருப்புக் கம்பி அவருக்குள் ஓடியது. அவர் உட்கார்ந்து நாலு வருஷம். நின்றால் குத்தும், இருந்தால் கொல்லும், நடந்தால் மட்டும் கொஞ்சம் பொறுக்கும். ஆகவே நடந்தார். நின்றபடி தின்றார், நடந்தபடி தூங்கினார். வீட்டைச் சுற்றி அவர் நடந்த தடம் ஆழமாகி, மாரியில் தண்ணீர் நிரம்பி, அதில் இறால் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில், கொழும்புக்குப் போய் முதுகை அறுக்கலாம், அறுத்தால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றார்கள். நடப்பதை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

அவசரத்துக்குக் காரணம் மகள் றம்லா. மூதூர் ஜமால்தீனின் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, முழங்காலோடு முழங்கால் முட்ட, கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர்கள் குடியில் வாப்பா எழுந்து நின்றால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். அப்படி நின்று கலைந்த கல்யாணங்கள் இருக்கின்றன. ஸெய்னுதீனுக்கு உட்கார்ந்து இருக்க ஏலாது என்பதால், அவருடைய மூத்த சகோதரர் ஹிஸ்புல்லா தானே அந்தப் பாயில் இருப்பதாகச் சொல்லி, இடுப்பில் கட்டப் புதுச் சாரமும் வாங்கிவிட்டார்.

“நானா, ஒங்கட சாரத்த மடிச்சு வையுங்க” என்றார் ஸெய்னுதீன், அவரைச் சுற்றி நடந்தபடி. “என்ட புள்ளய நான்தான் குடுப்பன்.”

“முதல்ல ஒரு இடத்தில நின்டு கதையன் தம்பி. ஒன்னப் பாத்து எனக்குத் தல சுத்துது.”

ஞானசேகரம் அவரைக் கிடத்தி இடது காலைத் தொட்டார். தூக்கவே இல்லை, தொட்டார். அதற்கே அவர் போட்ட சத்தத்தில் முற்றத்து மாமரம் பிஞ்சை உதிர்த்தது. “இது கதிரையில ஏத்துற சாமான் இல்லை நானா. கதிரை வெடிச்சுப் போயிடும்” என்று சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார் வைத்தியர். சில வாரங்கள் தசையை இளக்கிவிட்டு, குப்புறக் கிடந்து நெஞ்சை மட்டும் தூக்கும் அப்பியாசம் சொல்லிக் கொடுத்துவிட்டு, நிக்காஹ்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை கிண்ணியாவுக்கே வந்தார். ஊர் எச்சரிக்கையாக இருந்தது. எல்லா வீட்டிலும் கதிரைகளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கட்டில்களை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆடு மாடுகளை ஊருக்கு அப்பால் ஓட்டினார்கள். அதற்கு மேலும் ஒரு காவலாக, ஸெய்னுதீனைப் பாதையில் ஏற்றிக் களப்பின் நடுவுக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்வது என்று முடிவானது. பாதைக்குக் கால் இல்லை. உளைவுக்கு நீந்தத் தெரியாது என்பது கடலிலேயே பிறந்து வளர்ந்த அந்த மனிதர்களின் கணக்கு.

“றம்லாட மாப்பிள்ளைக்கு என்ன பேர்?” என்று கேட்டார் ஞானசேகரம். ஸெய்னுதீன் வாய் திறந்தார். படக்!

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் அதிர்ந்தன. பாதைக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதித்து, அந்தக் கொதிப்பு ஒரு சுறாவைப்போல் கோடிழுத்துக்கொண்டு கரைக்குப் போனது. ஸெய்னுதீன் எழும்பினார். பிறகு மெதுவாக, யாரோ பிடித்து இழுக்கப்போகிறார்கள் என்ற பயத்தோடு, பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். அழுதார். கரையில் நின்ற அவர் மனைவி ஜெமீலா, “மனிசன் இருக்குது, மனிசன் இருக்குது!” என்று ஊருக்கே கேட்கக் கூவினாள். சந்தோஷத்தோடு பாதையைக் கரைக்குத் திருப்பியபோது இறங்குதுறை பழைய இடத்தில் இல்லை. பாலைமரக் கால்களில் நின்ற அந்த நீண்ட துறைதான் அன்று ஊரில் காலூன்றி நின்ற ஒரே பொருள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. இடது பக்கத்துக் கடைசிக் காலை இழுத்தபடி அது கரையோரமாக நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மோட்டர் வள்ளத்தில் வந்தார்கள். வள்ளம் நெருங்கத் துறை நகர்ந்தது. வள்ளம் துரத்தியது, துறை வேகமாக நொண்டியது. தண்ணீரில் இறங்கி வரவும் ஏலாது. பெண்ணின் தம்பி கால் கழுவிவிடுமுன் மாப்பிள்ளையின் கால் நனையக்கூடாது. வள்ளத்தில் நின்ற ஜமால்தீன் குரல் கொடுத்தார்:

“ஸெய்னுதீன் காக்கா! பொண்ணு தர விருப்பம் இல்லாட்டி வாயால சொல்லுங்க. துறைய என்னத்துக்கு ஓட்டுறீங்க? அஸர் தொழுகைக்குள்ள இறங்காட்டி நாங்க திரும்பிருவம்!”

கரையில் விரித்த பாயில் அழகாகச் சம்மணமிட்டிருந்த ஸெய்னுதீனின் முகம் வெளிறியது. ஞானசேகரம் அருகில் குனிந்து, எதிர்ப்பக்கம் திருகினால் உளைவை அவருக்கே திருப்பி எடுக்கலாம், துறை நின்றுவிடும் என்றார். ஹிஸ்புல்லா சாரத்தை உதறிக் கட்டினார். “எடு தம்பி. நீ நட, நான் இருக்கன்.”

ஸெய்னுதீன் இரண்டு பேரையும் பார்த்தார். “ஏலாது” என்றார். “அது நாலு வருஷம் என்னோட கிடந்தது. அதுட குணம் எனக்குத் தெரியும். நில்லு எண்டா நிக்காது. சூடு வெச்சா நிக்கும். ஜெமீலா, நெய்ச்சோத்துக்கு வெச்ச கிடாரத்த இறக்கு!”

“அல்லாவே, சனத்துக்குச் சோறு?”

“சோறு பொறகு. நொச்சி இலையக் கொண்டு வா!”

கல்யாணத்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் கிடாரங்களில் நொச்சி அவித்து, பட்டுச் சீலைத் தலைப்புகளை நனைத்து, துறையோடு கூடவே ஓடி, அதன் இடது கடைசிக் காலைச் சுற்றி ஒத்தடம் போட்டார்கள். துறை நடுங்கியது. ஒரு பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் மூன்று தோணிகள் கவிழ்ந்தன. பிறகு நின்றது. மாப்பிள்ளை உலர்ந்த காலோடு ஏறினார். றம்லாவின் தம்பி அங்கேயே அவர் காலைக் கழுவிவிட்டான். சூடு ஆறினால் மறுபடி நடக்கும் என்று ஸெய்னுதீனுக்குத் தெரியும், ஆகவே பாயைத் துறையிலேயே விரிக்கச் சொன்னார். லெப்பை ஓதி முடிக்குமுன் சூடு ஆறிவிட்டது. துறை ஆடி அசைந்து கிளம்பியது. நின்றவர்கள் எல்லாம் விழுந்தார்கள், ஹிஸ்புல்லா புதுச் சாரத்தோடு கடலுக்குள் போனார். அசையாமல் இருந்தது ஸெய்னுதீன் ஒருவர்தான். மாப்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்து, முழங்காலோடு முழங்கால் முட்ட, ஒரு சொல் பிசகாமல் மகளைக் கொடுத்தார். சம்மதம் சொல்லி முடிந்தபோது துறை அடுத்த ஊரின் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊராரும் சாப்பிட வந்துவிட்டதால் சோறு போதவில்லை.

துறைக்கும் வைத்தியம் செய்யச் சொல்லி ஞானசேகரத்தைக் கேட்டுப் பார்த்தார்கள். அதைப் பக்கவாட்டில் சரித்துத் தந்தால் செய்வதாகச் சொன்னார். சரிக்க ஆள் கிடைக்கவில்லை. அரசாங்கங்கள் மாறின, அரிசிக்கு வரிசை வந்தது, போனது. துறை ஒரு நாள் தெற்கே, ஒரு நாள் வடக்கே. வீட்டை விட்டுப் புறப்படுமுன் “இண்டைக்கு எங்கால நிக்குது?” என்று பக்கத்து வீட்டில் கேட்பது வழக்கமானது. குளிர் மாதங்களில் பெண்கள் முறை வைத்து ஒத்தடம் போட்டார்கள்.

1979இல் நிலப்படம் வரையக் கொழும்பிலிருந்து ஒரு நில அளவையாளர் வந்தார். துறையின் நுனியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம், இது இப்படி அலைவது இடைஞ்சல் இல்லையா என்று கேட்டார்.

“அது நடக்கட்டும் மகன்” என்றார் ஸெய்னுதீன். “எனக்கு இருக்க இடம் இருக்கு.”

நில அளவையாளர் அன்றிரவே படத்தை முடித்தார். கரை, களப்பு, பள்ளிவாசல், வீதி எல்லாவற்றையும் மையால் கீறினார். இறங்குதுறையை மட்டும் பென்சிலால் போட்டார்.