‘ண்’ எங்கே போச்சு?

“ண் எங்க போச்சுங்க?”

சங்கமித்ராவிடம் அந்தக் கூட்டம் கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம் சொல்ல அவள் வாய்கூடத் திறக்கவில்லை.

கேட்டவர் புலவர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் முப்பத்தோரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரோடு சேர்த்துப் பதினோரு பேர். தினம் காலையில் ஒன்றாக நடக்கிறவர்கள், பெங்களூரு பார்க்க வந்திருந்தார்கள். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே கோட்டை வாசலில் நின்றபடி அவர் தன் போனை நீட்டினார். அதில் அவள் அனுப்பிய வாட்ஸாப் அழைப்பு: ‘கோட்டையும் அரமனையும்: தமிழில் ஒரு நடை.’

“அரமனை இல்லீங் அம்மணி, அரண்மனை. நடுவுல ஒரு ண் வரோணும்.”

“சாரி சார். இங்க நாங்க எல்லாரும் அரமனைன்னுதான் சொல்றது. கன்னடத்துல அப்டித்தான். கை பழக்கத்துல அடிச்சிட்டுது.”

“பாத்து இருந்துக்கோங்க,” என்றாள் புலவரின் மனைவி பாவாயி. “என்னையும் நாப்பது வருசமாத் திருத்திட்டு இருக்காரு. இன்னும் பாஸாகலீங்க நானு.”

எல்லாரும் சிரித்தார்கள். சங்கமித்ராவும் சிரித்துவைத்தாள். ஆனால் கண் என்னவோ பின்னால் தனியாக நின்ற ப்ரஹ்லாத்தின் மேல் போயிற்று. அவன் சிரிக்கவில்லை.

ப்ரஹ்லாத் மல்லேஸ்வரத்துப் பையன். பழைய இடங்களைச் சுற்றிக்காட்டும் தொழிலை ஐந்து வருஷமாக நடத்துகிறான். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் ஆள் இருந்தது, தமிழுக்கு இல்லை. கோலார் தங்கவயலில் பதினான்கு வருஷம் சமூகவியல் பாடம் எடுத்து, பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டதால் வீட்டில் உட்கார்ந்திருந்த சங்கமித்ராவைப் பற்றி யாரோ அவனிடம் சொன்னார்கள். இன்று அவளுக்குப் பரீட்சை. வரும்போதே சொல்லிவிட்டான்:

“மேடம், இன்னிக்கு இவா சந்தோஷமாத் திரும்பிப் போனா சனி, ஞாயிறு டமில் வாக் எல்லாம் உங்களோடது. இல்லேன்னா நான் டமிலையே டிராப் பண்ணிடறேன். எனக்கு வேற வழி இல்ல.”

இன்னொரு பக்கம் தங்கை உதயா. பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அக்காவுக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. வருகிறாளா இல்லையா என்று இன்று ஒரு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

சங்கமித்ரா கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து ஆரம்பித்தாள். “கெம்பேகௌடரால் மண்ணால் கட்டப்பட்ட இக்கோட்டை, பின்னர் ஹைதர் அலியால் கல்லால்...”

“ஏனுங், கோட்டை எங்கீங்க?” என்று கேட்டார் பின்னாலிருந்த ஒருவர்.

“இதுதான் சார்.”

“இது வாசலுங்க.”

“வாசல்தான் சார் மிச்சம். மத்ததெல்லாம் இடிச்சிட்டாங்க.”

“வாசலப் பாக்கறதுக்கா காலைல நாலு மணிக்கு எந்திரிச்சோம்?”

சரியாகத்தான் கேட்டார். சங்கமித்ரா காகிதத்தில் அடுத்த பத்தியைத் தேடினாள். தேடுவதற்குள் பாதிப் பேர் செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து திப்புவின் அரண்மனைக்கு நடக்க வேண்டும். அதிக தூரமில்லை, ஆனால் கே.ஆர். ரோடு நடக்கிற ரோடா? ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் தள்ளுவண்டி, ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற ஆட்டோக்கள். “சார், இப்ப நாம கோட்டைக்குள்ளதான் நடந்துட்டிருக்கோம்!” என்று அவள் இரண்டு தடவை கத்தினாள்.

“கோட்டைக்குள்ள ஆம்புலன்ஸெல்லாம் வருதாட்டம்,” என்றாள் பாவாயி. வேறு யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அரண்மனை வாசலுக்கு வந்து சேர்ந்ததும் எல்லாரும் நின்றார்கள். புல்வெளி, அதற்கு அப்பால் இரண்டு மாடி, வரிசையாகத் தேக்குத் தூண்கள், மங்கிப்போன வர்ணம்.

“இதுவா?” என்றார் கோட்டை வாசலில் செல்ஃபி எடுத்தவர்களில் ஒருவர்.

“இதுதான் சார். ஹைதர் ஆரம்பிச்சு, திப்பு முடிச்சது.”

“இது எங்க சித்தப்பா ஊடாட்டம் இருக்குதுங்க. அவரூட்டுல தூணு இன்னும் பெருசு.”

பாவாயி தன் போனைத் தடவி ஒரு படத்தைக் காட்டினாள். கருங்கல் கோபுரம், கொடி படர்ந்த சுவர், பெரிய கூடம். “நாங்க நெனச்சது இதுங்க அம்மணி. சினிமாவுல டான்ஸ் ஆடுவாங்கல்ல, அந்த அரண்மனை.”

“அது வசந்த்நகர்ல இருக்குதும்மா. அது வேற.”

“வேறன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே?” என்றார் ஒருவர். “அரண்மனைன்னு போட்டா நாங்க எதுன்னு நெனப்போம்?”

சங்கமித்ராவின் சொந்தக்காரர்கள் பெங்களூரு ஈஜிபுராவில் இருக்கிறார்கள், மார்க்கெட்டுக்கு வந்துபோகிறவர்கள். அவர்களுக்கு அரமனை என்றால் பஸ்ஸிலிருந்து தெரிகிற இதுதான். மல்லேஸ்வரத்துக்காரனுக்கு அது கோபுரம் வைத்த அந்த அரமனை. வெளியூர்க்காரர் எதை நினைப்பார் என்று அவளும் யோசிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அழைப்பை எழுதியது மட்டும் அவள்.

நாலைந்து பேர் புல்வெளியில் உட்கார்ந்தே விட்டார்கள். ப்ரஹ்லாத் வேகமாக வந்தான்.

“மேடம், பத்து நிமிஷத்துல முடிச்சுடுங்கோ. வேன்ல ஏத்தி அந்த பேலஸுக்கே கொண்டுபோய் விட்டுடறேன். நாம அப்புறம் பேசிக்கலாம்.” திரும்பி, போனில் டிரைவரிடம், “கோவிந்தப்பா, காடி தெகீரி,” என்று வண்டியை எடுக்கச் சொன்னான்.

‘அப்புறம் பேசிக்கலாம்.’ பள்ளிக்கூடத்தை மூடிய அன்று மேனேஜரும் அப்படித்தான் சொன்னார். அந்த அப்புறம் வரவே இல்லை.

சங்கமித்ரா காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். நேராகப் புலவரிடம் போய் நின்றாள்.

“சார், ஒரு சந்தேகம். அந்த ண் எதுக்கு சார்?”

“எதுக்குன்னா?”

“இல்லாம நான் எழுதிட்டேன். தப்புன்னீங்க. இருந்தா என்னா ஆவும்னு கேக்கறேன்.”

புலவர் உட்காரப் போனவர் நிமிர்ந்தார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டு வெகு நாளாகியிருக்க வேண்டும். “அரண், மனை. அரண் உள்ள மனை அரண்மனைங்க. அரண்னா மதிலு, கோட்டை, காவல்.”

“மதில் இல்லன்னா?”

“அப்ப அது மாளிகை. பங்களான்னு வெச்சுக்கோங்களேன்.”

“அம்மா காட்டுன படத்துல இருக்கிறதுக்குக் கோட்டை கிடையாது சார். சுத்தித் தோட்டம்தான். ஒரு ஸ்கூல் பிரின்சிபால் கட்டுனதுன்னு சொல்றாங்க. அப்புறமாத்தான் மைசூர் மகாராஜாவுக்கு வாங்குனாங்க.”

“பிரின்சிபாலா?” என்றாள் பாவாயி. “அப்ப அது வாத்தியாரு ஊடுங்களா! ஏனுங், நம்மூட்டையும் ஒரு ராசா வந்து கேப்பாருங்க, வெள்ளையடிச்சு வெய்யுங்க.”

உட்கார்ந்திருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

“ஆனா இதுக்குக் கோட்டை இருந்துது சார்,” என்றாள் சங்கமித்ரா. குரல் தானாகவே வகுப்பறைக் குரலாகிவிட்டது. “காலைல வாசல் பாத்தோமில்ல? அதுலேர்ந்து நாம வெளிய நடந்து வரல. உள்ளயே நடந்து வந்தோம். அந்த ஆஸ்பத்திரி, காலேஜு, அந்த பஸ்ஸு, அம்மா சொன்ன ஆம்புலன்ஸ், எல்லாம் அரணுக்குள்ளதான். சுவர இடிச்சு ரோடு போட்டாங்க. மனை மட்டும் மிஞ்சி நிக்குது. இந்த ஊருல அரண இடிக்கும்போது கூடவே ண்-ஐயும் இடிச்சிட்டாங்க சார்.”

புலவர் அவளையே பார்த்தார். எல்லை மீறிவிட்டோமோ என்று நினைத்தாள் சங்கமித்ரா.

“இது தப்புங்க,” என்றார் அவர். “கன்னடத்துல அரசன் மனை அரமனையாச்சு. அதுக்கும் அரணுக்கும் சம்பந்தமே இல்ல.”

“சரி சார்.”

“சுத்தமாத் தப்பு.” திடீரென்று தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். “ஆனா நான் சாகற வரைக்கும் இதைத்தான் சொல்லப்போறேன்! எந்திரிங்கப்பா. பெங்களூருல அரண்மனைன்னு ஒண்ணு இருந்தா அது இதுதான். கால நீட்டிட்டு உக்காந்திருக்கீங்களே!”

எழுந்தார்கள். உள்ளே போனார்கள். இப்போது கேள்விகள் நிஜக் கேள்விகளாக வந்தன. படிக்கட்டு ஏன் இவ்வளவு குறுகல், தர்பார் எந்தப் பக்கம், வெள்ளைக்காரன் இங்கே என்ன செய்தான். ஆபீஸ் நடத்தினான் என்றாள். “அதான் சுவரு இப்படி அழுது வடியுது,” என்றார் செல்ஃபிக்காரர். ஒரு தூணைச் சுற்றி வந்து, தன் சித்தப்பா வீட்டுத் தூணைவிட இது கொஞ்சம் பெரிது என்றும் ஒப்புக்கொண்டார்.

பாவாயிக்கு ஒரு கவலை. “மரத்த நம்பி மேல ஏறலாமுங்களா?”

“எங்கப்பா சுரங்கத்துல மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பாத்தாரும்மா. பாறை சத்தமில்லாம வந்துடுமாம். மரம்னா முன்னாடியே முனகுமாம், ஓடி வந்துடலாமாம்.”

பாவாயி தூணில் காதை வைத்துப் பார்த்தாள். “ஒண்ணும் முனகலீங்க. வாங்கோ, ஏறலாம்.”

பத்து நிமிஷம் ஒன்றே கால் மணி நேரமாயிற்று. வெளியே வந்தபோது ப்ரஹ்லாத் செருப்பைப் போட்டுக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்:

“நெக்ஸ்ட் சாட்டர்டே சேலத்துலேர்ந்து பதினாலு பேர் வரா. ஞாயித்துக்கிழமை வேலூர்.”

“யாரு சார் கூட்டிட்டுப் போறது?”

“பின்னே நானா? நான் டமில் பேசினா அந்தப் புலவர் மாமா என்னை பெஞ்ச் மேல ஏத்திடுவார். நீங்கதான் மேடம். ஆனா இன்விடேஷன்ல எந்த பேலஸ்னு க்ளியராப் போட்டுடலாம், சரியா?”

“சரி சார்,” என்றாள்.

பன்னிரண்டே முக்கால். போனில் உதயாவின் தவறிய அழைப்புகள் நான்கு இருந்தன.

“அக்கா, எங்க இருக்கிற? சூப்பர்வைசரு மூணு தாட்டி கேட்டுட்டாரு. இன்னா சொல்லட்டும்?”

“வரலன்னு சொல்லு.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்டி.”

மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள் உதயா: “அய்யோ, ஒனக்கு அளவு சொல்லி கோட்டு எடுத்து வெச்சிட்டனே!”

“நீ போட்டுக்க.”

“எனக்கு எங்க பத்தும்? நான் ரெண்டு பங்கு இருக்கிறன்.” உதயா சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. “போக்கா, நல்லா இரு. நானு இங்க சொல்லிக்கிறன்.”

சங்கமித்ரா புல்வெளியில் உட்கார்ந்தாள். காலை தங்கவயல் மாரிக்குப்பத்தில் கூட்டத்தோடு ரயில் ஏறியதிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

“அம்மணி!” வாசலிலிருந்து பாவாயி கூப்பிட்டாள். “வேன் நிக்குதுங்க. அந்த வாத்தியாரு ஊட்டையும் பாத்துப்போட்டு வந்தரலாம். நீங்களும் வந்தாத்தான் நாங்க போவம்.”

“ரெண்டு நிமிஷம்மா.”

“காலு வலிக்குதுங்களா?”

“ஆமாம்மா,” என்றாள் சங்கமித்ரா. “வலிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது.”